கோடு போட்ட நோட்டுப் புத்தகம்

என் தமக்கையிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பால் கணக்கு எழுதுவதற்கென்று வாங்கிய, கோடு போட்ட, நூறு பக்கச் சாதாரணப் பள்ளிக்கூட நோட்டு. அதன் முதல் நான்கு பக்கங்களிலும் கடைசிச் சில பக்கங்களிலும் பால் கணக்கே இருக்கிறது. ஐந்தாம் பக்கத்தில்தான் அது வேறொரு கணக்காக மாறுகிறது. “காலை 6.30 வாந்தி மாத்திரை. 7.00 கேப்ஸ்யூல், வெறும் வயிறு. 8.00 இட்லி 2, வீக்க மாத்திரை, பிட்ஸ் மாத்திரை. 8.40 கரண்ட் (1).” அடைப்புக்குள் இருக்கும் அந்த ஒன்று முப்பதாகும் வரையில், ஆறு வாரங்கள், ஒரு நாள்கூட விடாமல் அக்காள் எழுதி வந்திருக்கிறாள். மூளைக் கட்டியின் வகைகளையும் அறுவைச் சிகிச்சையின் நுட்பங்களையும் விட்டுவிட்டு, நாம் அந்த நோட்டை ஒட்டியே சிறிது தூரம் நடக்கலாம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் சிகிச்சை என்பது ஆஸ்பத்திரியில் பதினைந்து நிமிஷம் நடக்கிற விஷயம். மீதி இருபத்து மூன்றே முக்கால் மணி நேரமும் அது வீட்டில்தான் நடக்கிறது.

அத்தானுக்கு அப்போது வயது 54. கூட்டுறவு வங்கி ஒன்றில் காசாளர். நோட்டுக் கட்டைக் கையில் வாங்கிய மாத்திரத்திலேயே ஒன்று குறைகிறது என்று சொல்லிவிடக்கூடிய விரல்கள் அவருடையவை. அந்த மனிதர் ஒரு நாள் காலையில் தமக்கு முன்னால் இருந்த டம்ளரைப் பார்த்து, “அந்த... அது... தண்ணி குடிக்கிறது” என்று தடுமாறி நின்றார். இரண்டு நாள் கழித்து வலது கை வெட்டி இழுத்தது. ஸ்கேன் எடுத்ததில் இடது பொட்டுப் பக்கத்து மூளையில் எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி இருப்பது தெரிந்தது. கிளையோபிளாஸ்டோமா என்று அதற்குப் பெயர். எடுக்கக்கூடிய மட்டும் எடுத்தார்கள். முழுவதையும் எடுக்க முடியாதா என்று கேட்கிறவர்கள் வயல் வரப்பில் அறுகம்புல்லைப் பிடுங்கிப் பார்த்திருந்தால் போதும்: மேலே தெரிகிற கொத்து கையோடு வந்துவிடும், மண்ணுக்குள் கணுக்கணுவாக ஓடியிருப்பது வராது. வரப்பையே வெட்டி எடுத்துவிடலாம் என்றால், இங்கே வரப்பு என்பது ஒரு மனிதனுடைய பேச்சு.

இந்த வியாதிக்கு மற்ற வியாதிகளுக்கு இல்லாத ஒரு விசேஷம் உண்டு. காலில் புண் வந்தவன் தன் புண்ணைத் தானே பார்க்கிறான். வயிற்று வலிக்காரன் தன் வலியைத் தானே அளந்து வைத்தியரிடம் சொல்கிறான். ஆனால் பார்ப்பதும் அளப்பதும் சொல்வதும் எந்த அவயவத்தின் தொழிலோ அந்த அவயவத்துக்கே நோய் வந்துவிட்டால் சாட்சி சொல்வது யார்? துலாக்கோலே கோணிவிட்ட பிறகு அதன் கோணலை எந்தத் துலாக்கோலில் நிறுப்பது? அதனால்தான் இந்த வியாதியில் வீட்டார் வெறும் பணிவிடைக்காரர்களாக இருப்பதில்லை, அவர்களே கருவிகளாகிவிடுகிறார்கள். என் தமக்கை அறிந்தோ அறியாமலோ செய்துவந்தது, ஸ்கேன் இயந்திரம் செய்வதற்குச் சற்றும் குறையாத விஞ்ஞான காரியம் என்பது என் அபிப்பிராயம்.

இதை ஒரு பெரிய மனிதர் வெகு காலத்துக்கு முன்பே, தமது சொந்தத் துக்கத்தின் மூலமாகக் கண்டுகொண்டார். மூளையின் படத்தை வரைந்தவர் என்று போற்றப்படும் வைல்டர் பென்ஃபீல்ட், 1928-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், கானடாவிலுள்ள மான்ட்ரியால் நகரத்து ராயல் விக்டோரியா ஆஸ்பத்திரியில், தமது கூடப்பிறந்த ஒரே தமக்கை ரூத்தின் மண்டையைத் திறந்து, வலது நெற்றிப் பக்கத்து மூளையில் பெரும் பகுதியைக் கட்டியோடு சேர்த்து எடுத்தார். சொந்தத் தமக்கைக்குக் கத்தி வைக்கலாமா என்ற கேள்வி இன்று நமக்கு எழுகிறது. அவருக்கும் எழாமல் இருந்திராது. அம்மையார் பிழைத்து, குழந்தைகளிடம் திரும்பினார். பேச்சில் குறை இல்லை. ஞாபகத்தில் குறை இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் பழைய ரூத் என்றே சொன்னார்கள். அறுவை நடந்து ஏறக்குறையப் பதினைந்து மாதங்கள் சென்றபின் ஒரு நாள், வந்திருந்த தம்பிக்கும் வீட்டார் நால்வருக்குமாக ஓர் எளிய இராச் சாப்பாடு தயாரிக்க அவர் ஆசைப்பட்டார். நாள் முழுவதும் அவகாசம் இருந்தது. குறித்த வேளையில் தம்பி சமையலறைக்குள் நுழைந்து பார்த்தபோது, சாமான்கள் எல்லாம் அங்கே இருந்தன. அடுப்பில் ஒன்றிரண்டு பாத்திரங்களும் ஏறியிருந்தன. ஆனால் பச்சைக் கறிகள் கலக்கப்படவில்லை, இறைச்சி அடுப்புக்கே வரவில்லை, தமக்கை மட்டும் களைத்து, கலங்கி, எதை முதலில் எடுப்பது என்று அறியாமல் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவர் துணைக்கு நின்றதும் சமையல் சீக்கிரமே முடிந்துவிட்டது.

எத்தனையோ பரீட்சைகளில் அகப்படாத ஒரு குறை, ஒரு வேளைச் சமையலில் அகப்பட்டுவிட்டது. நாலு அடுப்புக் காரியங்களை ஒரே முடிவு நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதென்றால், எது முந்தி, எது பிந்தி என்று கணமும் விடாமல் உள்ளே ஒரு மேற்பார்வை நடந்துகொண்டே இருக்கவேண்டும். நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் யோசியாமல் செய்கிற அந்தக் காரியம் நெற்றிப் பக்கத்து மூளையின் மகா உழைப்பு என்பதை 1935-ஆம் ஆண்டில் பென்ஃபீல்டும் அவருடைய சகா ஜோசப் எவான்ஸும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் அந்தச் சமையலே எடுத்துக்காட்டியது. ரூத் அதற்குள் காலமாகியிருந்தார். கட்டி மறுபடியும் வளர்ந்திருந்தது.

நோட்டுக்குத் திரும்புவோம். ஆறு வாரச் சிகிச்சையின் முதல் சிரமம் நோயல்ல, கடிகாரம். ஒரு மாத்திரை வெறும் வயிற்றில், ஒன்று வயிறு நிறைந்தபின், ஒன்று சரியாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒன்று வாரத்தில் மூன்று நாள் மட்டும் என்று ஏற்படுகிற கிரமத்தை, திடமான மூளையுள்ள என்னாலேயே தப்பில்லாமல் நடத்தியிருக்க முடியாது. அப்படியிருக்க, கிரமத்தைக் கவனிக்கும் அவயவமே பழுதான ஒருவரிடம் அதை ஒப்படைக்கிறார்கள். வெறும் வயிற்றுக் கேப்ஸ்யூலுக்கு டெமோசோலமைட் என்று பெயர். 1980-களில் இங்கிலாந்தில் ஆஸ்டன் சர்வகலாசாலையில் மால்கம் ஸ்டீவன்ஸின் குழுவினர் உண்டாக்கியது. வயிற்றின் அமிலத்தில் கெடாமல் தப்பி, மூளையின் காவலைத் தாண்டிச் சென்று, உடலின் மிதமான காரத்தன்மையில் தானாகவே உடைந்து, கட்டி உயிரணுக்களின் மரபிழையில் ஒரு சிறு முட்டுக்கட்டையைச் செருகிவிடுவது அதன் வேலை. சில கட்டிகளில் அந்த முட்டுக்கட்டையைப் பிடுங்கிப்போடும் புரதம் ஒன்று மிகுதியாக இருக்கும். அங்கே மருந்தின் பலன் குறைந்துவிடும். கேப்ஸ்யூலைப் பிரிக்கக்கூடாது, உடைந்தால் தூளை வெறுங்கையால் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அக்காள் பூஜை அலமாரியின் மேல்தட்டில், குழந்தைகளுக்கு எட்டாதபடி, பழைய பிஸ்கட் டப்பாவில் அதை வைத்திருந்தாள். சனி ஞாயிறுகளில் கரண்ட் கிடையாது, கேப்ஸ்யூல் உண்டு. முதல் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் “இன்று லீவு என்று நினைத்து மறந்தோம், 9 மணிக்கு ஞாபகம் வந்தது” என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கடியில் இரண்டு கோடு.

‘கரண்ட் வைத்தல்’ என்று நம்மூரில் வழங்கும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மின்சாரம் எதுவும் நோயாளியின் சரீரத்தில் பாய்வதில்லை. மின்சாரத்தின் வேலை இயந்திரத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது: எலெக்ட்ரான்களை விரட்டி ஒரு டங்ஸ்டன் தகட்டில் மோதச் செய்கிறது, அந்த மோதலில் பிறக்கும் எக்ஸ்ரே கதிர்தான் வெளியே வருகிறது. ஒரு நாளைக்குக் கொடுக்கும் அளவு 2 கிரே. அந்தச் சக்தி அத்தனையும் சூடாக மாறினாலும் மூளையின் உஷ்ணம் ஒரு டிகிரியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் ஏறும்; ஒரு வாய்க் காபி அதைவிட அதிகமாகச் சுடும். ஆயினும் உயிரணுவின் மரபிழையை இரு புரியும் அறும்படி வெட்டிவிட அது போதும். முப்பது நாளாகப் பிரித்துக் கொடுப்பானேன், ஒரே நாளில் 60 கிரேயையும் கொடுத்துவிடலாகாதா என்று அத்தானே ஒரு தடவை கேட்டார்; வங்கிக்காரருக்குத் தவணை முறையில் எப்போதும் சிறிது சந்தேகம் உண்டு. பாரிஸ் நகரத்து ரேடியம் நிலையத்தில் க்ளோடியுஸ் ரிகோ என்பவர் 1920-களில் ஆட்டுக் கிடாக்களின் விதைகளில் கதிரைச் செலுத்திப் பார்த்தார். ஒரே தடவையில் கொடுத்தால், கிடா மலடாவதற்கு முன் தோல் வெந்து போயிற்று. பல நாட்களாகப் பிரித்துச் சிறுகச் சிறுகக் கொடுத்தால், தோல் பிழைத்தது, கிடா மலடாயிற்று. சாதாரண உயிரணுக்கள் இடைவேளையில் தங்கள் காயத்தைச் செப்பனிட்டுக்கொள்கின்றன. ஓயாமல் பெருகும் உயிரணுக்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. தவணையின் இரகசியம் அவ்வளவுதான்.

தலை ஒரு இம்மியும் அசையாமல் இருப்பதற்காக முகத்துக்கு ஒரு முகமூடி செய்கிறார்கள். வலைபோல் துவாரமுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையை வெந்நீரில் நனைத்தால் அது அப்பளமாவு போலக் குழைந்துவிடுகிறது. சொட்டச் சொட்ட எடுத்து முகத்தின்மேல் இழுத்து அழுத்தினால், சில நிமிஷங்களில் மூக்கும் தாடையும் புருவ மேடும் அச்சாகப் பதிந்து இறுகிவிடுகிறது. பிறகு முப்பது நாளும் அந்த அச்சுக்குள் முகத்தை நுழைத்து, மேஜையோடு சேர்த்துப் பூட்டிவிட்டு, மற்றவர்கள் எல்லோரும் வெளியே போய்விடுகிறார்கள். கனத்த கதவு மூடுகிற ஓசையைத்தான் தாம் முதல் வாரத்தில் மிகவும் வெறுத்ததாக அத்தான் சொன்னார். வெளியே வரும்போது அவருடைய நெற்றியிலும் கன்னத்திலும் வலைக்கட்டம் பதிந்திருக்கும். பஸ் ஸ்டாண்டு வரையில் அது மறையாது.

இரண்டாம் வாரத்தில் அவர் ஒரு விசித்திரமான விஷயம் சொன்னார். கண்ணை இறுக மூடியிருக்கும்போதே, இயந்திரம் இடப்பக்கம் சுற்றி வருகையில், நீல நிறமாக ஒரு வெளிச்சம் தெரிகிறதாம். மூளை கெட்டதனால் தோன்றும் பிரமை என்று அக்காள் பயந்துவிட்டாள். நோட்டில் எழுதவும் தயங்கி, என்னிடம் மட்டும் சொன்னாள். அது பிரமை அல்ல. வெற்று வெளியில் ஒளியை மிஞ்சும் வேகம் எதற்கும் கிடையாது; ஆனால் நீரில் ஒளியின் வேகம் வினாடிக்குச் சுமார் 2,25,000 கிலோமீட்டராகக் குறைந்துவிடுவதால், அங்கே வேகமான எலெக்ட்ரான் ஒன்று ஒளியை முந்திவிட முடியும்; அப்படி முந்துகிறபோது, படகுக்குப் பின்னால் அலை எழுவதுபோல, நீல ஒளி எழுகிறது. 1934-இல் ரஷ்ய விஞ்ஞானி செரென்கோவ் இதைக் கண்டார். 1958-இல் நோபல் பரிசு பெற்றார். கண்ணுக்குள் இருக்கும் கூழ்த் திரவமும் பெரும்பாலும் நீரே. கதிர் அதன் வழியே செல்லும்போது கண்ணுக்குள்ளேயே அந்த ஒளி பிறக்கிறது என்பதை அமெரிக்காவில் டார்ட்மவுத் ஆராய்ச்சியாளர்கள், சிகிச்சையில் இருந்த நோயாளியின் கண்ணைக் காமிராவில் படம் பிடித்து, 2019-இல் வெளியிட்டார்கள். அணு உலைத் தொட்டிகளில் காண்கிற அதே நீலத்தைப் பஸ்ஸில் வந்து போகும் ஒரு காசாளர் மூடிய இமைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நான் விளக்கியபோது, “அப்போ நான் பார்த்தது நிஜம்தானே?” என்றார். அன்றைக்கு அவருக்கு வேண்டியிருந்தது பௌதிக சாஸ்திரமல்ல. தம் புத்தியைத் தாம் நம்பலாம் என்ற சொல்.

வீக்க மாத்திரை என்று அக்காள் எழுதியிருப்பது டெக்ஸாமெதசோன். கட்டியின் இரத்தக் குழாய்கள் ஒழுகல் உள்ளவை. அவற்றிலிருந்து கசிந்த நீர் சுற்றிலும் ஊறி, விரிய இடமில்லாத மண்டைக்குள் மூளையை நெருக்குகிறது. இந்த மருந்து அக்கசிவை அடைக்கிறது. 1961-இல் மினசோட்டாவில் கலிஸிச்சும் பிரெஞ்சும் இதை மூளைக் கட்டிக்காரர்களுக்குக் கொடுத்து, படுத்த படுக்கையாக இருந்தவர்கள் சில நாட்களில் எழுந்து உட்கார்ந்ததைத் தெரிவித்தார்கள். அத்தானுக்கும் மூன்றாம் நாளே ‘டம்ளர்’ திரும்பி வந்தது. ஆனால் இந்த மருந்து கொடுப்பதற்கெல்லாம் வட்டி வாங்கும். முகம் உருண்டு பூரித்தது. அதனால் முகமூடி பிடித்து, நான்காம் வாரத்தில் புதிதாக அச்சு எடுக்கவேண்டியதாயிற்று. தொடைச் சதை நலிந்து, குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல், கொல்லைப்புறக் கழிவறையில் நாற்காலிபோல் ஒன்று வாங்கிப் போட்டார்கள். பசியோ சொல்லி முடியாது. “இரவு 2 மணி, முறுக்கு 5, தயிர்சாதம். தூக்கம் இல்லை” என்று ஒரு வரி, மறுநாள், “முறுக்கு டப்பாவை ஒளித்து வைத்தேன், கண்டுபிடித்துவிட்டார்.” இந்த வரியைப் படிக்கும்போது எனக்கு ஏனோ துக்கத்தைவிடச் சந்தோஷமே மிகுதியாக வருகிறது. ஒளித்ததைத் தேடி எடுக்கிற மூளை வேலை செய்கிற மூளையல்லவா?

தினமும் இரவில் அந்த நாளின் பக்கத்தடியில் அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுவது அக்காளின் யுக்தி. வங்கிக்காரர் கையெழுத்து, முப்பது வருஷமாக ஒரே அச்சு. வீக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்த நாட்களில் அந்தக் கையெழுத்தைப் பார்க்கவேண்டும். 8 மில்லிகிராமிலிருந்து 4-க்கு வந்தபோது மாறுதல் இல்லை. 4-லிருந்து 2-க்கு வந்த மூன்றாம் நாளில் கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்குகிறது. நான்காம் நாள் ஒரு எழுத்தே விழுந்துபோகிறது. அக்காள் நோட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினாள். அவர் பழையபடி 4 கொடுத்தார். கையெழுத்து இரண்டு நாளில் கோட்டின்மேல் ஏறிக்கொண்டது.

பிட்ஸ் மாத்திரை என்று எழுதியிருக்கும் வலிப்பு மாத்திரையின் கதையை இன்னும் வருத்தத்தோடுதான் சொல்லவேண்டும். லெவெடிராசெட்டம் பலருக்கு எந்த உபாதையும் இல்லாமல் வலிப்பை அடக்குகிறது. சிலருக்கு மட்டும் காரணமில்லாத கோபத்தை உண்டாக்குகிறது. பெண்டாட்டி பிள்ளைகளிடம் குரல் உயர்த்திப் பேசியறியாத மனிதர், காபியில் ஆடை மிதந்ததற்காக டபராவைச் சுவரில் எறிந்தார். பிள்ளைகள் தகப்பனாரின் குணமே மாறிவிட்டது என்று அழுதார்கள். வியாதி தலைக்கேறிவிட்டது என்று உறவினர் கிசுகிசுத்தார்கள். அக்காள் மட்டும் பின்னோக்கிப் பக்கங்களைப் புரட்டி, மாத்திரையின் அளவைக் கூட்டிய அந்த வாரத்தில்தான் கோபம் தொடங்கியது என்று கண்டுகொண்டாள். மருந்தை மாற்றினார்கள், பத்து நாளில் பழைய மனிதர் திரும்பி வந்து, சுவரில் இருந்த காபிக் கறையைப் பார்த்து யார் செய்தது என்று கேட்டார்.

மூன்றாம் வார முடிவில் தலையணையில் மயிர் கொத்தாக உதிர்ந்தது. கதிர் நுழைந்த இடத்திலும் வெளியேறிய இடத்திலும் மட்டும். இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது களைப்பு. அது உழைத்தவனுடைய களைப்பல்ல, தூங்கினால் தீராது, கதிர் நின்றபின் சில வாரங்கள் இன்னும் அதிகமாகவே இருந்தது. வருகிறவர்கள் நலம் விசாரிக்கக் கூடத்தில் நாலு பேராக உட்கார்ந்து ஒரே சமயத்தில் பேசுவார்கள். அந்த நாலு குரலில் ஒன்றைப் பிரித்தெடுத்து மற்றவற்றை விலக்குவதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது, அந்த உழைப்பைச் செலுத்த முடியாதவருக்குத்தான் தெரியும். அவர் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் பாவம் என்று அவர்கள் குரலைச் சற்றே தாழ்த்திக்கொண்டு மேலே பேசுவார்கள்.

கதிர்ச் சிகிச்சை முடிந்து ஒரு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில், கட்டி இருந்த இடம் முன்னைவிடப் பெரிதாக, வெள்ளையாக வந்தது. அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஆனால் டாக்டர் அந்தப் படத்தை மட்டும் பார்க்காமல், நடை எப்படி, பேச்சு எப்படி, வீக்க மாத்திரை கூட்டவேண்டி வந்ததா என்று கேட்டார். அக்காள் நோட்டை நீட்டினாள். கையெழுத்து கோட்டின்மேல் இருந்தது. கதிரும் மருந்தும் பட்ட இடம், முதல் சில மாதங்களில், செத்துக்கொண்டிருக்கும்போதே வீங்கி, வளர்வதுபோல் படத்தில் காட்சி தருவதுண்டு. நிஜமான வளர்ச்சியையும் இந்தப் போலி வளர்ச்சியையும் அந்த ஒரு படத்தை மட்டும் கொண்டு பிரித்தறிவது கடினம். காத்திருந்து பார்ப்போம் என்றார் டாக்டர். இரண்டு மாதம் கழித்து எடுத்த படத்தில் வெள்ளை சுருங்கியிருந்தது.

நோட்டை நான் அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிட்டேனோ என்னவோ. அதிலும் பொய் உண்டு. “இன்று நன்றாக இருந்தார்” என்ற வரி வருகிற நாட்களில் பாதி, நன்றாக இராத நாட்கள் என்பது எனக்குத் தெரியும். எழுதியவளுடைய மனசும் மூளையில்தானே இருக்கிறது? எண்களும் அப்படி மயக்கம் தருபவைதான். 2005-இல் ரோஜர் ஸ்டுப் குழுவினர் வெளியிட்ட, 573 நோயாளிகளைக் கொண்ட ஆராய்ச்சியில், கதிர் மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 12.1 மாதமும், கூடவே இந்தக் கேப்ஸ்யூலும் பெற்றவர்களில் பாதிப்பேர் 14.6 மாதமும் தாண்டினார்கள் என்று தெரிந்தது. இரண்டரை மாதம்தானா என்று தோன்றும். ஆனால் இரண்டு ஆண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்களை எண்ணினால், நூற்றுக்குப் பத்து என்பது இருபத்தாறுக்கு மேல் ஆகியிருந்தது. அத்தான் இந்தக் கணக்கை என்னிடம் கேட்டு, இரண்டு தடவை சொல்லச் சொல்லி, பிறகு பேசாமலிருந்தார். வட்டிக் கணக்கில் சராசரி என்பது எந்த ஒரு வாடிக்கைக்காரரும் அல்ல என்பது அவருக்குத் தெரியாதா?

பின்னர் இருபத்தெட்டு நாளுக்கு ஐந்து நாள் மாத்திரம் கேப்ஸ்யூல். மூன்றாம் சுற்றுக்கும் நான்காம் சுற்றுக்கும் இடையில் ஒரு பக்கம் இருக்கிறது. பென்ஃபீல்டின் தமக்கையைப் பற்றி நான் அக்காளிடம் அதுவரை சொன்னதில்லை. ஆகவே அவள் எதையும் பரீட்சிக்க எண்ணி அதை எழுதியிருக்க முடியாது. “இன்று அவரே காபி போட்டார். டிகாக்ஷன் இறக்கி, பால் காய்ச்சி, எல்லாம் வரிசைப்படி. பால் பொங்கவில்லை. சர்க்கரை மட்டும் எனக்கு இரண்டு தடவை போட்டுவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. குடித்தேன்.” கீழே கையெழுத்து.